வாயால் கழுவிய கை

நர்சிங் கல்லூரியில் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் பாயிண்ட் மேடம். அவள் முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஒருநாள் அவள் வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். வாசலில் நின்ற மாணவி, "பாயிண்ட் மேடம் வீட்டுக்காரரா? உள்ள போங்க சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், "வேற என்னென்ன பேரு வச்சிருக்காங்கன்னும் கேட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள்.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் இதையும் நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். அவளைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இருபத்துமூன்று வருஷமாக அவளுக்குப் புருஷன்; அதில் எட்டு வருஷமாக நோயாளியும் நான்தான். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் பதினான்கு வருஷம் அவள் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தாள். நரம்பு கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது அவளைக் கூப்பிடுவார்கள். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு விரலால் தடவுவாள், ஒரே குத்தில் முடிந்துவிடும். பஸ்ஸில் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளின் முழங்கையைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நல்ல நரம்பு பாருங்க" என்று என் காதில் சொல்வாள். வேறு பெண்டாட்டிகள் நகையைக் காட்டுவார்கள், இவள் நரம்பைக் காட்டுவாள்.

அப்புறம் ஒருநாள், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இருக்கும் கல்லூரியில் செய்முறைப் பயிற்சி அறைக்கு ஆள் இல்லை, ஆறு மாசம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அந்த ஆறு மாசம் ஒன்பது வருஷமாயிற்று.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். முன்பு ஆஸ்பத்திரியின் போர்வை, தலையணை உறைகளை அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னல் இல்லை. உச்சியில் ஒரு வெண்டிலேட்டர், அதிலும் புறா கூடு கட்டிய குப்பை. கை கழுவும் தொட்டி ஒன்று உண்டு, குழாயும் உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது. சுவருக்குள் குழாய் உடைந்திருக்கிறது, சுவரை உடைத்தால்தான் சரிசெய்ய முடியும், சுவரை உடைக்கக் கட்டடப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு கட்டில், அதில் ஒரு ரப்பர் பொம்மை. நாற்பது மாணவிகளுக்கும் சேர்த்து ஒரே பொம்மை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. படுத்த இடத்திலேயே எல்லாப் பணிவிடையும் நடக்கிறதாம்.

முதல் வருஷம் ஒரு பெண் மாப்பிள்ளைக்கு ஊசி போட, மீதி முப்பத்தொன்பது பேரும் நின்றுகொண்டே தூங்கினார்கள். வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாலோ, "தள்ளி நில்லுங்க, எதையும் தொடாதீங்க" என்று விரட்டுவார்கள். வருஷக் கடைசியில் பாதிப்பேர் தேர்வில் கோட்டை விட்டார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, எக்ஸ்ரே உறைகளின் அட்டையை வெட்ட ஆரம்பித்தாள்.

அறுபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி. 'வயது நாற்பது, வயிற்று வலி, காலையிலிருந்து சாப்பிடவில்லை.' 'வயது எழுபது, காது மந்தம், கோபக்காரர்.' மாணவிகள் நாலு அணி; அணிக்கு ஒருத்தி அட்டையை எடுத்து, அதில் உள்ளபடி மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. கை கழுவியாச்சு, பத்து பாயிண்ட். பேர் கேட்டாச்சு, பத்து. கைப்பட்டை பார்த்தாச்சு, பத்து. எதை விட்டாலும் என் மனைவி இரும்புத் தட்டில் கத்தரிக்கோலால் டங்கென்று தட்டுவாள், ஆட்டம் அடுத்த அணிக்குப் போய்விடும். தண்ணீர் இல்லாத குழாயில் கை எப்படிக் கழுவுவது? சொன்னால் போதும். பொம்மைக்கு ஏது பேர், அந்தப் பேரை எழுதி மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டைதான் ஏது? சொன்னால் போதும்.

அட்டைகளையெல்லாம் முதலில் என்மேல்தான் ஓட்டிப் பார்த்தாள். டிப்போவிலிருந்து களைத்து வந்தவனை சோபாவில் படுக்க வைத்து, "இப்ப நீங்க எழுபது வயசு, காது கேக்காது" என்பாள். நான் முந்திரிக்கொட்டை. எனக்கு இங்கே வலிக்கிறது, அங்கே வலிக்கிறது என்று நானாகவே சொல்லிவிடுவேன்.

"நீங்களே சொல்லிட்டா அவ எப்படிக் கேக்கக் கத்துக்குவா? நர்ஸ் கேட்டாத்தான் நோயாளி வாயத் திறக்கணும். அதுதான் ரூல்" என்று அதட்டுவாள்.

எட்டு வருஷப் பழக்கம். நல்ல நோயாளியாகிவிட்டேன். கேட்டாலொழியப் பேச மாட்டேன்.

விளையாட்டு ஆரம்பித்த அந்த வருஷமே நாற்பதில் முப்பத்தொன்பது பேர் தேறினார்கள். அதற்கு அடுத்த வருஷம் நாற்பதும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் ஆள் அறையின் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காதில் விழுந்ததற்கெல்லாம் தாளில் டிக் போடுவார். எங்கள் பெண்களோ கணீரென்று சொல்வார்கள். பிரின்சிபால் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யார் வந்தாலும் அந்த அறையைத் திறந்து காட்டினார். பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றே என் மனைவி வார்டுக்கு மாற்றல் கேட்டு முதல் மனு எழுதினாள்.

"நீங்க போயிட்டா இந்த விளையாட்டை யாரு நடத்துறது?" என்று பிரின்சிபால் அம்மா சிரித்துக்கொண்டே மனுவைத் திருப்பிக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு மனு, வருஷத்துக்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பற்றி நான் நினைப்பதை எழுதினால் இதை யாரும் அச்சில் போட மாட்டார்கள்.

தன் கையாலேயே பூட்டுச் செய்து தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள். விளையாட்டு நன்றாக இருக்க இருக்க, வெளியே வர முடியாது. ஒரு வருஷம் வேண்டுமென்றே மோசமாக நடத்திப் பார்க்கிறேன் என்றாள். அதுவும் முடியவில்லை. முதல் நாளே ஒரு பெண் ஊசியைத் தப்பாகப் பிடித்தாளாம், கை தானாகப் போய்த் தட்டை டங்கென்று தட்டிவிட்டதாம்.

"நான் நர்ஸுக்குத்தாங்க படிச்சேன். ரப்பரைத் தடவித் தடவி விரல் மரத்துப்போச்சு. ஒரு மனுஷன் கையத் தொட்டு ஒன்பது வருஷம் ஆச்சு" என்று சாப்பிடும்போது சொல்வாள். நான் என் கையை நீட்டுவேன். தட்டிவிடுவாள்.

இந்த வருஷம் ஒரு புது டியூட்டர் வேலைக்கு வந்தாள், கெட்டிக்காரப் பெண். அவளுக்கு விளையாட்டு முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஏழாவது மனுவைப் போட்டாள் என் மனைவி. பிரின்சிபால் அம்மாவுக்குச் சிரிக்கக் காரணம் கிடைக்கவில்லை. உத்தரவு வந்தது: ஒன்றாம் தேதி முதல் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. அந்தத் தாளை அவள் மடித்துக் கைப்பைக்குள் வைப்பதும், எடுத்துப் படிப்பதும், மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

உத்தரவு வந்த அதே வாரம் என் குடலிறக்கம் படுத்த ஆரம்பித்தது. "அடுத்த மாசம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா? நானே பாத்துக்குவேன்ல" என்று கடிந்துகொண்டாள். டாக்டர் பொறுக்க வேண்டாம் என்றார். அதே வார்டில் பன்னிரண்டாம் நம்பர் கட்டில். மறுநாள் ஆபரேஷன், முந்தின இரவிலிருந்து எனக்குச் சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிடையாது.

எதிர்வரிசையில் பதினோராம் கட்டிலில் ஒரு பெரியவர், கடுமையான சர்க்கரை நோய்க்காரர். கழிப்பறைக் கதவு என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் விடிவதற்குள் ஆறு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காலையில் எனக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, நீங்க இங்க படுத்துக்குங்க, நான் அங்க போறேன்" என்றேன். தலையணைகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினோம். யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுப்பதுபோல, அதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஏழரை மணிக்கு ஊசித் தட்டோடு ஒரு நர்ஸ் வந்தாள். எனக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று வருஷம் முன்பு விளையாட்டில் அதிகப் பாயிண்ட் வாங்கியவள். என் மனைவி அவளை வீட்டில் சாம்பியன் என்றுதான் சொல்வாள். பரிசு கொடுத்த படத்தில் பார்த்திருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியாது. வார்டில் முப்பத்திரண்டு கட்டில், அன்று காலை நர்ஸ் இரண்டே பேர்.

கட்டில் நம்பரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே, மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "கை கழுவியாச்சு. பேர் கேட்டாச்சு. கைப்பட்டை பார்த்தாச்சு."

எனக்கு எவ்வளவு குஷி தெரியுமா! எங்கள் சோபாவில் பிறந்த வார்த்தைகள் ஒரு நிஜமான வார்டில், நிஜமான நர்ஸ் வாயில் கேட்கின்றன. முப்பது பாயிண்ட் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன். என் மனைவி வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கை கழுவவில்லை, என் பேரைக் கேட்கவில்லை, போர்வைக்குள் இருந்த என் கைப்பட்டையைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் என் கண்ணுக்கு எதிரே நடந்தது. ஆனால் புத்தியில் ஏறவில்லை. அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. நல்ல நோயாளி. தோளில் சின்னதாகச் சுருக்கென்றது.

அவள் ஊசியை எடுக்கவும் என் மனைவி வார்டுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. முதலில் என்னைத் தவறான கட்டிலில் பார்த்தாள். அப்புறம் தட்டில் இருந்த சின்ன ஊசியைப் பார்த்தாள்.

"என்ன போட்ட?"

"மேடம்! நீங்களா? இன்சுலின் மேடம், பதினொண்ணுக்கு..."

"இவரு பன்னெண்டு. சர்க்கரை கிடையாது. ராத்திரியிலேருந்து வெறும் வயிறு."

சாம்பியனின் முகம் செத்துவிட்டது. என் மனைவி அவளைத் திட்டவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள், என் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், டிரிப் பாட்டில் மருந்தறையிலிருந்து வர அரை மணி ஆனது, அதை வாங்கி மாட்டினாள். அதற்குள் எனக்கு வேர்த்து, கை நடுங்கி, கூரை மின்விசிறி இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலால் தடவினாள். ஒரே குத்து. குளுக்கோஸ் இறங்கியது. ஒன்பது வருஷம் கழித்து அவள் கைக்குக் கிடைத்த முதல் மனுஷன் நான்தான்.

மத்தியானத்துக்குள் நான் தேறிவிட்டேன். ஆபரேஷன் தள்ளிப்போனது, பெரியவருக்கு அவர் ஊசி போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் விசாரணை, பிரின்சிபால் அம்மாவின் அறையில். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஓரத்தில் சாம்பியன், அழுது வீங்கிய முகத்தோடு. பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி, பக்கத்தில் என் மனைவி.

"கட்டில் மாறினத ஏன் சார் சொல்லல? ஊசி போடறப்பவாவது கேட்டிருக்கலாமே?" என்றார் சூப்பிரண்டு.

நான் என்ன பதில் சொல்ல? பாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன் என்றா? "தப்புதான் சார்" என்றேன்.

அவர் சாம்பியன் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பேரு கேட்டு, பட்டை பாத்துட்டுத்தானே போடணும்? அதுகூடச் சொல்லித் தரலையா?"

"எல்லாத்தையும் சொன்னேன் சார்" என்றாள் அவள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு அதில் ஒரு துளி சந்தேகம் இல்லை. "ஒண்ணுகூட விடாம சொன்னேன். இந்த சார்கிட்ட வேணா கேளுங்க."

அறையில் யாருக்கும் அது புரியவில்லை. சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்று சூப்பிரண்டு உதட்டைப் பிதுக்கினார். புரிந்தது எனக்கும் என் மனைவிக்கும்தான். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. சொன்னால் செய்த மாதிரி என்று அவளுக்குப் பதினெட்டு வயசில் பழக்கினார்கள். அவள் அதில் முதலாவதாக வந்தாள். என் மனைவியைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனையோ கெட்ட நாட்கள் வந்து போயிருக்கின்றன, அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"சார், இது அவ தப்பு இல்ல" என்றாள். "என் ரூல். எழுதிக் கொடுக்கறேன்."

பிரின்சிபால் அம்மா அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே நானும் போனேன். "வம்ப விலைக்கு வாங்காதீங்க. பொண்ணு கவனக்குறைவுன்னு முடிச்சுடலாம். நீங்க எழுதிக் கொடுத்தா, ஒன்றாம் தேதி வார்டுல உங்கள எப்படிச் சேக்கறது? உங்க பயிற்சியே தப்புன்னு நீங்களே சொன்ன பிறகு யாரு உங்கள நோயாளி பக்கத்துல விடுவா?"

சத்தியமாக, நானும் அவள் காதில், "விட்டுடும்மா" என்றேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். ஆனால் ஒன்பது வருஷம் அந்த அறையிலிருந்து வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்தவன் நான்.

அவள் உள்ளே போய் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். குழாயில் தண்ணீர் இல்லாததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். கைப்பையிலிருந்து மாற்றல் உத்தரவை எடுத்து, அதோடு சேர்த்து மேசைமேல் வைத்தாள். சாம்பியனுக்கு வேலை போகவில்லை. ஒரு மாசம் மறுபயிற்சி என்று தீர்ப்பானது. எங்கே? அதே அறையில், பாயிண்ட் மேடத்திடம்.

ஒன்றாம் தேதி அவள் வார்டுக்குப் போகவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். இனிமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, நிஜமாகக் கழுவு, நிஜமாகப் பார் என்று விதியை மாற்றினாள். மாப்பிள்ளைக்குத் தினம் ஒரு பேர் எழுதிக் கைப்பட்டை கட்டினாள். இரண்டு வாரத்தில் பிரின்சிபால் அம்மா வந்து நின்றார். தேர்வுக்கு வருபவர் காதில் விழுவதற்குத்தானே மார்க் போடுகிறார், ஊமைப் பெண்களை அனுப்பினால் நாற்பதும் போய்விடுமே என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது, அதுதான் கொடுமை. கடைசியில் பெண்கள் செய்யவும் வேண்டும், சொல்லவும் வேண்டும் என்று ஆயிற்று. எதை முதலில் மறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீ ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு பேட்ச். முந்நூத்தி இருவது பேரு" என்றாள். "எங்கெங்கேயோ கட்டில் பக்கத்துல நின்னு வாயாலயே கை கழுவிட்டிருப்பாங்க. அவங்கள எப்படிங்க திரும்பக் கூப்பிடறது?"

பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு வந்து, பேர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவராக போன் போட ஆரம்பித்தாள். சிலர் நம்பர் மாறியிருந்தது. ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள். ஒருத்தி தயங்கித் தயங்கி, "ஆமா மேடம், எனக்கும் அந்தப் பழக்கம் இருக்கு" என்று சொல்லி அழுதாள். ஒவ்வொருத்தியிடமும் இவள் அதே விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது. பதினேழாவது போனை எடுத்தவள் முதல் பேட்ச்காரி, வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பேசவே விடவில்லை. சத்தம் எனக்கும் கேட்டது.

"மேடம்! நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். நான் இப்ப இங்க டியூட்டர் மேடம். உங்க விளையாட்டைத்தான் சொல்லித் தர்றேன். அட்டையெல்லாம் அச்சடிச்சே குடுத்துட்டாங்க. எங்க பிள்ளைங்க எப்படிச் சொல்றாங்க தெரியுமா, கணீர்னு!"

என் மனைவி நோட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை பேரும்மா?" என்றாள்.

"வருஷத்துக்கு அறுவது மேடம். இது நாலாவது வருஷம்."

அவள் நோட்டில் அந்தப் பெண்ணின் பேருக்குப் பக்கத்தில் இருநூற்று நாற்பது என்று எழுதினாள். பிறகு, "அவங்க பேரெல்லாம் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.